இன அநீதி பற்றிய புலனாய்வுச் செய்தியை முதல் குறிப்பிலிருந்து அச்சு வரை கொண்டுபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது நிருபர்களுக்கும், அவர்கள் எழுதியதைத் திருத்தும் டெஸ்க்காரர்களுக்கும் எழுதியது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பாதிக்கப்பட்ட ஒருவரின் கண்ணீரோடு தொடங்குவார்கள். இரண்டு செயற்பாட்டாளர்களின் கண்டனத்தைச் சேர்ப்பார்கள். ஒரு அதிகாரியின் மறுப்போடு முடிப்பார்கள். படிப்பவர் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்த அலுவலகமும் மறுநாள் வழக்கம்போல் இயங்கும்.

தகவல் குறைவாக இருந்ததால் அப்படி ஆவதில்லை. வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் ஆகிறது. அதனால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இனவாரியான பதிவுகளை அரசே வைத்திருப்பதும், அவற்றைக் கேட்டு வாங்க முடிவதும் அங்கே அதிகம். முறை எந்த நாட்டுக்கும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் தேவையானவை

எக்செல் போன்ற ஒரு விரிதாளில் வடிகட்டவும், தொகுக்கவும், ஒரு எண்ணை இன்னொன்றால் வகுக்கவும் தெரிந்தால் போதும். முக்கால்வாசி வேலை அதிலேயே முடியும். ஆனால் உங்கள் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கத் தெரிந்த புள்ளியியல் ஆள் ஒருவரை முதல் வாரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் காட்டினால் அவர் சொல்லும் குறையைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

ஆசிரியரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். பதிவுகள் கைக்கு வரவே மாதங்கள் ஆகலாம். "அடுத்த ஞாயிறு இணைப்புக்கு" என்று ஒப்புக்கொண்டால் மேலே சொன்ன கண்ணீர்ச் செய்திதான் வரும்.

சட்ட ஆலோசகரும் முன்கூட்டியே வேண்டும். ரகசிய ஒலிப்பதிவு ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரியாகவும், பக்கத்து மாநிலத்தில் குற்றமாகவும் இருக்கலாம்.

1. ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்

"பள்ளிகளில் இனப் பாகுபாடு" என்று ஒருவர் வந்து நின்றால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். யார், எந்த மேசையில், என்ன முடிவு எடுக்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன்.

இந்த வீட்டுக் கடன் விண்ணப்பத்தை ஏற்பதா, மறுப்பதா. இந்த மாணவரை இடைநீக்கம் செய்வதா, எச்சரித்து விடுவதா. நிறுத்திய காரைச் சோதனை போடுவதா, அனுப்புவதா. ஜாமீனா, சிறையா. செய்தி இந்த அளவுக்குச் சுருங்கினால்தான் பிடிக்குள் வரும்.

காரணம் எளிது. முடிவு என்றால் அதற்கு ஒரு விதி இருக்கும், ஒரு படிவம் இருக்கும், இரண்டு விளைவுகள் இருக்கும். ஒருவருக்குக் கிடைத்ததை இன்னொருவருக்குக் கிடைத்ததோடு ஒப்பிடலாம். மனதுக்குள் இருக்கும் வெறுப்பை அப்படி அளக்க முடியாது.

புதியவர்கள் இங்கே "இனவெறி பிடித்த அதிகாரி" ஒருவரைத் தேடிப் போவார்கள். அவர் கிடைத்தால் செய்தி அவரோடு முடிந்துவிடும். நிர்வாகம் அவரை இடமாற்றம் செய்து கையைக் கழுவிவிடும். யாருமே வெறுப்போடு நடந்துகொள்ளாமல், விதிப்படி நடந்தே ஒரு சமூகம் நசுக்கப்படும் இடங்களும் உண்டு. ஆளைத் தேடிக்கொண்டிருந்தால் அவை கண்ணில் படவே படாது.

2. பதிவு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

தகவல் கேட்டு மனு போடும் முன், அந்த முடிவை எடுப்பவர் எந்தப் படிவத்தை நிரப்புகிறார் என்று கண்டுபிடியுங்கள். நிரப்பாத வெற்றுப் படிவத்தை முதலில் கேளுங்கள். அதில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் எதைக் கேட்கலாம் என்று தெரியும். "இனவாரியான தகவல் எங்களிடம் இல்லை" என்ற பதில் வந்தாலும், படிவத்தைக் காட்டிக் கேட்கலாம்.

அடுத்து, தொகுத்த அறிக்கையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி என்று இருக்கும் மூலப் பதிவை, கணினி வாசிக்கும் கோப்பாகக் கேளுங்கள். கூடவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் என்ன பொருள் என்று விளக்கும் பட்டியலையும் கேளுங்கள். தொகுத்த அறிக்கையில் அவர்கள் ஏற்கெனவே கூட்டி வகுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தேவையான ஒப்பீட்டை அதிலிருந்து இனி எடுக்க முடியாது.

அமெரிக்காவில் 1966-இல் வந்த தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சி அலுவலகங்களுக்கு மட்டும் பொருந்தும். 20 வேலை நாட்களுக்குள் பதில் என்பது சட்டம், நடைமுறை வேறு. நகரக் காவல் துறைக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் அந்தந்த மாநிலச் சட்டம்தான். தவறான சட்டத்தின் பெயரில் மனு போட்டு இரண்டு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: எதிர்த்தரப்பு மறுக்க முடியாத மூலம் கிடைத்தால் அதையே எடுங்கள். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892-இல், கறுப்பினத்தவர்மீது நடந்த கும்பல் கொலைகளைப் பற்றி எழுதியபோது, வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் தொகுத்த எண்ணிக்கையை வைத்தே எழுதினார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டே இருந்தது. பெண்களைக் காப்பாற்றத்தான் கொலை என்று சொல்லிவந்தவர்களுக்கு, தங்கள் பத்திரிகையின் கணக்கையே பொய் என்று சொல்ல வழியில்லை.

3. கோப்பு வந்ததும் 'இனம்' என்ற கட்டத்தைச் சந்தேகப்படுங்கள்

அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்? சம்பந்தப்பட்டவரே சொன்னாரா, எதிரே நின்ற அதிகாரி முகத்தைப் பார்த்து ஊகித்தாரா? எத்தனை வரிகளில் அது காலியாக இருக்கிறது? காலியாக விட்டது சில நிலையங்களில் மட்டுமா?

2015-இல் டெக்சாஸில் ஆஸ்டின் நகரத் தொலைக்காட்சி ஒன்று இதைச் செய்து பார்த்தது. மாநில நெடுஞ்சாலைக் காவலர்கள் லத்தீன் அமெரிக்க வழி ஓட்டுநர்கள் பலரை 'வெள்ளையர்' என்று பதிந்திருந்தார்கள். பாகுபாடு இல்லை என்று காட்டிய அதிகாரபூர்வக் கணக்கு முழுக்க அதன்மேல்தான் நின்றது. செய்திக்குப் பிறகு, ஓட்டுநரிடமே இனத்தைக் கேட்டுப் பதியும்படி விதி மாறியது.

அவர்கள் பிடித்த வழி சாதாரணமானது: குடும்பப் பெயர்களைப் பார்த்தார்கள். கட்டத்தைச் சரிபார்க்காமல் கணக்குக்குப் போயிருந்தால், பொய்க் கணக்குக்கு இலவச விளம்பரம் கொடுத்ததுபோல் ஆகியிருக்கும்.

4. பதிவே இல்லையென்றால்

சில நாடுகள் இனத்தைப் பதிவதே இல்லை. பிரான்ஸ் அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைக் கேட்பதில்லை. சில அலுவலகங்கள் வேண்டுமென்றே எண்ணாமல் இருக்கும். அப்போதும் வழி உண்டு.

நீங்களே எண்ணலாம். காவலர் சுட்டு இறந்தவர்களை வாஷிங்டன் போஸ்ட் 2015 ஜனவரி 1 முதல் ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கியது. உள்ளூர்ச் செய்திகள், சமூக ஊடகம், காவல் துறைக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் என்று வந்தது. எஃப்பிஐ கணக்கில் அதில் பாதிகூட இல்லை. காவல் துறைகள் விருப்பப்பட்டால் அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில் சேர்ந்த கணக்கு அது.

ஜோடிச் சோதனை செய்யலாம். நியூஸ்டே நாளிதழ் 2019-இல் வெளியிட்ட லாங் ஐலண்ட் விசாரணைக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வருமானமும் தேவையும் ஒரே மாதிரி சொல்லும் இருவர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் வேறு இனம், ஒரே வீட்டுத் தரகரிடம் தனித்தனியாகப் போனார்கள். 93 தரகர்கள், மறைகேமராப் பதிவுகள். கறுப்பினச் சோதனையாளர்களுக்கு 49 சதவீதச் சந்திப்புகளில் வேறுவிதமான நடத்தை கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தாலே ஒலிப்பதிவு செய்யலாம் என்பதால் சட்டச் சிக்கல் இல்லை. தரகர் செய்தது பாகுபாடா இல்லையா என்று நிருபர்கள் தாங்களாகத் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டு வசதிச் சட்டம் தெரிந்த இரு வல்லுநர்களிடம் பதிவுகளைக் காட்டினார்கள்.

மூன்றாவது வழி மெதுவானது: ஒரு ஆளின் கதை, அப்புறம் அதே மாதிரி இன்னொன்று. பிரிட்டனில் கார்டியன் நாளிதழ் 2017 நவம்பரிலிருந்து எழுதிய விண்ட்ரஷ் செய்திகள் (கரீபியன் குடியேறிகளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் அது) அப்படித்தான் வளர்ந்தன. 1973-க்கு முன் கரீபியனிலிருந்து சட்டப்படி வந்து, பல பத்தாண்டுகள் வேலை செய்து வரி கட்டியவர்களைக் காகிதம் இல்லை என்று சட்டவிரோதக் குடியேறிகள்போல் நடத்தினார்கள். முதல் கதை ஒரு தனிப்பட்ட தவறுபோலத் தெரிந்தது. ஐந்தாறு வந்த பிறகு எல்லாவற்றிலும் ஒரே கடிதம், ஒரே விதி, ஒரே கதவு தெரிந்தது. 2018 ஏப்ரல் இறுதியில் உள்துறை அமைச்சர் பதவி விலகினார்.

இந்த வழியில் போகிறவர்கள் கதைகளைச் சேர்த்துக்கொண்டே போகாமல், எல்லாக் கதையிலும் திரும்ப வரும் காகிதத்தைத் தேட வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த 'முடிவு' அதில்தான் இருக்கும்.

5. எதோடு ஒப்பிடுகிறீர்கள்

இந்தப் படிதான் செய்தியை நிறுத்தும் அல்லது கவிழ்க்கும். கற்பனை எண்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு நகரத்தில் 1,00,000 பேர். 80,000 வெள்ளையர், 20,000 கறுப்பினத்தவர். ஒரு ஆண்டில் காவலர்கள் நிறுத்திய வண்டிகள் 5,000. அதில் 3,500 வெள்ளையர் ஓட்டியவை, 1,500 கறுப்பினத்தவர் ஓட்டியவை.

காவல் துறை சொல்லும்: "நிறுத்தப்பட்டவர்களில் 70 சதவீதம் வெள்ளையர்களே." பொய் இல்லை. ஆனால் அவர்கள் மக்கள்தொகையில் 80 சதவீதம். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் வெள்ளையருக்கு சுமார் 44, கறுப்பினத்தவருக்கு 75. அதாவது 1.7 மடங்கு.

புதியவர் இங்கேயே தலைப்பு போட்டுவிடுவார். போடக் கூடாது. நகரத்தில் குடியிருப்பவர்கள் எல்லாரும் வண்டி ஓட்டுபவர்கள் இல்லை. நெடுஞ்சாலையில் வெளியூர் வண்டிகளும் போகும். மக்கள்தொகையால் வகுத்தது சரியில்லை என்று காவல் துறை ஒரே வரியில் சொல்லிவிடும். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

சரி, ஒரு படி உள்ளே போங்கள். நிறுத்திய பிறகு யாருடைய வண்டியைச் சோதனை போட்டார்கள்? கறுப்பினத்தவர் 1,500-இல் 300, அதாவது 20 சதவீதம். வெள்ளையர் 3,500-இல் 350, அதாவது 10 சதவீதம். இப்போது மக்கள்தொகையால் வகுக்கவில்லை, நிறுத்தப்பட்டவர்களால் வகுக்கிறோம். யார் சாலையில் அதிகம் போகிறார்கள் என்ற வாதம் இதைத் தொடாது.

இன்னும் ஒரு படி. சோதனையில் ஏதாவது கிடைத்ததா? கறுப்பினத்தவர் 300-இல் 45, அதாவது 15 சதவீதம். வெள்ளையர் 350-இல் 91, அதாவது 26 சதவீதம். அதிகம் சோதிக்கப்பட்டவர்களிடம் குறைவாகக் கிடைக்கிறது. குறைந்த சந்தேகத்துக்கே அவர்களைச் சோதிக்கிறார்கள் என்பதற்கு இது வலுவான அறிகுறி. தீர்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு கூட்டத்திலும் சந்தேகத்தின் அளவு வேறுவிதமாகப் பரவியிருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும் என்று புள்ளியியலாளர்களே சொல்கிறார்கள்.

நிறுத்துவதில் பாகுபாடு உண்டா என்பதற்கும் ஒரு கெட்டிக்காரச் சோதனை இருக்கிறது. இருட்டில் ஓட்டுநரின் நிறம் தெரியாது. மாலை 7 மணி ஒரு பருவத்தில் வெளிச்சம், இன்னொரு பருவத்தில் இருட்டு. அதே 7 மணிக்கு நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, இருட்டும் பருவத்தில் குறைந்தால் என்ன பொருள்? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு சுமார் 9.5 கோடி வண்டி நிறுத்தங்களை எடுத்து இப்படிப் பார்த்தது. இருட்டிய பிறகு பங்கு குறையத்தான் செய்தது. நிறம் தெரியும்போது கறுப்பினத்தவர் அதிகம் நிறுத்தப்படுகிறார்கள் என்பதற்கு அது அறிகுறி.

இரண்டு சின்னக் குழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேரில் மூன்று பேர் என்பதை 75 சதவீதம் என்று எழுதாதீர்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தால் சில ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். 10 சதவீதம் 20 ஆனால் அது 10 சதவீதம் உயர்வு அல்ல, இரு மடங்கு. இரண்டாவதைத் தப்பாக எழுதி, சரியான செய்தி ஒன்று மொத்தமாகக் கேலிக்கு ஆளானதை நான் பார்த்திருக்கிறேன்.

6. உங்கள் செய்தியை நீங்களே உடைத்துப் பாருங்கள்

கிடைத்த வித்தியாசத்துக்கு இனம் தவிர வேறு என்ன காரணம் சொல்லலாம்? எதிர்த்தரப்பு வக்கீலாக உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றையும் தரவில் சோதியுங்கள். சோதிக்க முடியாததை அப்படியே வெளிப்படையாக எழுதுங்கள்.

அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிடியூஷன் 1988-இல் வெளியிட்ட வீட்டுக் கடன் தொடர் இதற்கு நல்ல பாடம். "கறுப்பினத்தவருக்கு வருமானம் குறைவு, அதனால் கடன் குறைவு" என்பதுதான் வங்கிகள் எப்போதும் சொல்வது. அதனால் நிருபர் வருமானத்தில் சமமாக இருந்த வெள்ளையர் பகுதிகளையும் கறுப்பினத்தவர் பகுதிகளையும் எதிரெதிரே வைத்தார். வெள்ளையர் பகுதிகளுக்கு ஐந்து மடங்கு கடன் போயிருந்தது. பதில் சொல்லும் முன்பே வாதம் அடைபட்டுவிட்டது. அப்போது வங்கிகள் பகுதிவாரியான கணக்கை மட்டும்தான் வெளியிட வேண்டியிருந்தது. மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு விண்ணப்பதாரரின் இனமும் வருமானமும் பதிவில் சேர்ந்தன.

அந்தப் பதிவுகளை வைத்துத்தான் தி மார்க்அப் என்ற புலனாய்வு இணையதளம் 2021-இல் திரும்பவும் கணக்குப் போட்டது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் வருமானம், கடன் சுமை என்று 17 காரணிகளைச் சமப்படுத்திய பிறகும், கறுப்பின விண்ணப்பதாரர் மறுக்கப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட 80 சதவீதம் அதிகமாக இருந்தது. பொதுவெளிப் பதிவில் இல்லாத ஒன்று, ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் கடன் மதிப்பெண். வங்கித் தரப்பு அதைத்தான் பிடித்தது. அது கணக்கில் இல்லை, ஏன் இல்லை என்று செய்தியே முதலில் சொல்லியிருந்ததால் அந்தப் பிடி பெரிதாகப் பலிக்கவில்லை.

எல்லாரும் நம்பும் விளக்கத்தையும் இப்படியே சோதியுங்கள், உங்களுக்குப் பிடித்த விளக்கத்தையும் சேர்த்து. 1967 டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு, படிப்பில்லாதவர்களும் தெற்கிலிருந்து புதிதாக வந்தவர்களும்தான் கலவரம் செய்தார்கள் என்று பேச்சு. டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் கலவரம் நடந்த பகுதிகளில் முறையாக ஆய்வு நடத்தியது. கல்லூரி வரை படித்தவர்களும் அதே அளவு பங்கேற்றிருந்தார்கள். வடக்கிலேயே வளர்ந்தவர்கள்தான் தெற்கிலிருந்து வந்தவர்களைவிட அதிகம்.

7. இப்போது ஆட்களிடம் போங்கள்

இவ்வளவு தாமதமாகவா என்று கேட்பீர்கள். முதல் குறிப்பு பெரும்பாலும் ஆட்களிடமிருந்துதான் வரும். அவர்களோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது. ஆனால் முழுப் பேட்டியை இப்போது எடுங்கள். யாருடைய கதை பொதுப் போக்கைக் காட்டுகிறது, யாருடையது விதிவிலக்கு என்று இப்போதுதான் உங்களுக்குத் தெரியும். முதலில் கிடைத்த, நன்றாகப் பேசத் தெரிந்த, கதை மிகக் கொடூரமான ஒருவரை வைத்துச் செய்தியைக் கட்டினால், அவருடைய வழக்கில் ஒரு சின்ன முரண் வந்தாலும் மொத்தமும் சரிந்துவிடும்.

பெயர் வெளியானால் வேலை, வீடு, குடியுரிமை எதற்காவது ஆபத்தா என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இணையத்தில் அந்தப் பெயரைத் தேடினால் பத்து ஆண்டு கழித்தும் இந்தச் செய்திதான் வரும் என்பதையும் சொல்லுங்கள்.

அடிபட்ட கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். அந்தப் படிவத்தை எப்படி நிரப்பினார்கள், யாரிடம் முறையிட்டார்கள், என்ன பதில் வந்தது, எந்த வழியைக் கண்டுபிடித்தார்கள் என்று கேளுங்கள். அந்த நடைமுறையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அவர்களை அழ வைத்துவிட்டு, விளக்கத்துக்கு வேறொருவரைத் தேடிப் போவது நம் தொழிலின் பழைய கெட்ட பழக்கம்.

அவர்கள் சொன்னதையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். தேதி தவறினால் பொய் என்று ஆகாது. ஆனால் அந்தத் தவறை முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருக்க வேண்டும்.

8. மறுதரப்புக்கு முழுக் கணக்கையும் அனுப்புங்கள்

வெளியிடுவதற்கு முந்தின நாள் மாலை தொலைபேசியில் கூப்பிட்டு "கருத்து உண்டா?" என்று கேட்பதைப் பதில் வாங்குவது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்ன கண்டுபிடித்தீர்கள், எந்தத் தரவிலிருந்து, எப்படிக் கணக்கிட்டீர்கள், அவர்களைப் பற்றி என்னென்ன எழுதப் போகிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள். தரவு பெரிதென்றால் இன்னும் அதிகம்.

எச்சரிக்கை கிடைத்துவிடுமே என்று புதியவர்கள் பயப்படுவார்கள். கிடைக்கட்டும். கணக்கில் தவறு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க அவர்களைவிட ஆர்வமான ஆள் உலகத்தில் இல்லை. அச்சுக்கு முன் கண்டுபிடித்தால் உங்களுக்கு லாபம்.

அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உங்கள் கணக்கும் சரியாக இருக்கலாம். 2016-இல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பு, ஃப்ளோரிடாவின் ப்ரவர்ட் கவுன்டியில் கைதானவர்கள் மீண்டும் குற்றம் செய்வார்களா என்று மதிப்பெண் போடும் மென்பொருளை ஆராய்ந்தது. பின்னால் குற்றம் எதுவும் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேரை அது ஆபத்தானவர்கள் பக்கம் தள்ளியிருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதம். மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் வேறொன்றைக் காட்டியது: ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள். இரண்டு இனத்திலும் மறுகுற்ற விகிதம் வேறாக இருக்கும்போது, இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒரே சமயத்தில் நிறைவேற்ற முடியாது என்று கணிதவியலாளர்கள் பிறகு நிறுவினார்கள். ப்ரோபப்ளிகா தரவையும் கணினி நிரலையும் பொதுவில் வைத்ததால்தான் அந்த விவாதமே நடந்தது.

9. எழுதும்போது வினைச்சொல்லைப் பாருங்கள்

தமிழ்த் தலைப்புக்கு ஒரு வசதி உண்டு: செய்தவரே இல்லாமல் வாக்கியம் முடிந்துவிடும். "துப்பாக்கிச் சூட்டில் இளைஞர் பலி." சுட்டது யார்? துப்பாக்கி தானாகச் சுட்டதுபோல இருக்கிறது. காவலர் சுட்டது உறுதியென்றால் "காவலர் சுட்டதில் இளைஞர் இறந்தார்" என்று எழுதுங்கள். இதில் சார்பு எதுவும் இல்லை; தகவல் முழுமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மழுப்பல் சொற்களையும் களையுங்கள். ஒன்று இனவாதம் என்று சொல்ல ஆதாரம் இருந்தால் இனவாதம் என்றே எழுதுங்கள். இல்லையென்றால் நடந்ததை விவரியுங்கள். "இனம் சார்ந்த சர்ச்சைக் கருத்து" என்பது இரண்டும் இல்லை. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2019-இலேயே இந்த மாதிரி மழுப்பலைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு அது கறுப்பினத்தவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கியது. நமக்குப் பெரிய எழுத்து இல்லாததால் அந்தத் தலைவலி இல்லை. நம் தலைவலி வேறு: நல்லவரை 'வெள்ளை மனசு', துரோகியைக் 'கறுப்பு ஆடு' என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் நிறப் பாகுபாட்டைக் கண்டிக்கும் செய்தியையும் போடுவோம். பழைய மொழிபெயர்ப்புகளிலிருந்து 'நீக்ரோ' இன்னும் சிலர் கைக்குள் வந்துவிடுகிறது, டெஸ்க்கில் பிடியுங்கள்.

ஒருவரின் இனத்தை எப்போது குறிப்பிடுவது? அதை எடுத்துவிட்டால் செய்தி புரியாது என்றால் குறிப்பிடுங்கள். தேடப்படுபவர் "நடுத்தர உயரமுள்ள கறுப்பின இளைஞர்" என்பது யாரையும் அடையாளம் காட்டாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சந்தேகத்துக்குள் இழுத்துவிடும்.

10. அன்றாடச் செய்தி வேறு கதை

மேலே சொன்ன எதற்கும் நேரம் இல்லாத நாட்கள் உண்டு. காவல் துறைக் குறிப்பு வருகிறது, இருபது நிமிடத்தில் செய்தி போக வேண்டும். அப்போது ஒரே ஒரு விதி: குறிப்பில் உள்ளதைக் காவல் துறை சொன்னதாக மட்டும் எழுதுங்கள், உங்கள் குரலில் எழுதாதீர்கள்.

2020 மே மாதம் மினியாபொலிஸ் காவல் துறையின் முதல் குறிப்பு, காவலர்கள் அணுகியபோது ஏற்பட்ட 'மருத்துவச் சம்பவத்துக்கு'ப் பிறகு ஒருவர் இறந்தார் என்றுதான் சொன்னது. கழுத்தில் முழங்கால் இருந்தது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட். முழங்கால் 9 நிமிடம் 29 விநாடி இருந்தது. 17 வயதுப் பெண் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளி இல்லையென்றால் அந்தக் குறிப்பே இறுதிச் செய்தியாகியிருக்கும். 2021-இல் புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது.

அதனால் காவல் குறிப்பை வைத்துப் போட்ட ஒவ்வொரு செய்தியையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்துச் சாட்சி யார், கேமரா எங்கே, உறவினர் என்ன சொல்கிறார்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். கைதானவரின் பெயரைப் போட்டுவிட்டு, அவர் விடுவிக்கப்பட்டதைப் போடாமல் விடுவதும் இதே குறைதான். சிறு குற்றங்களில் தொடர்ந்து பின்தொடர மாட்டோம் என்றால் பெயரையே போடுவதில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் 2021-இல் முடிவெடுத்தது. எனக்கு அது சரியாகப் படுகிறது.

11. வெளியான பிறகு

கணக்கிட்ட முறையைத் தனிக் குறிப்பாகப் போடுங்கள்: எந்தப் பதிவு, எந்த ஆண்டுகள், எத்தனை வரிகளை ஏன் நீக்கினீர்கள். தனிநபரைக் காட்டிக்கொடுக்கும் கட்டங்களை எடுத்துவிட்டு, தரவையும் வெளியிட முடிந்தால் வெளியிடுங்கள். திருத்தம் வந்தால் மேலேயே போடுங்கள்.

பேசியவர்களுக்குச் செய்தியை நீங்களே அனுப்புங்கள். கறுப்பினப் பகுதிகளில் நிருபர் ஒருமுறை வந்துவிட்டு அப்புறம் முகத்தையே காட்டுவதில்லை என்பது பழைய குறை. அடுத்த குறிப்பு உங்களுக்கு வருமா வராதா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

உங்கள் பத்திரிகையின் பழைய பக்கங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். கேன்சஸ் சிட்டி ஸ்டார் 2020 டிசம்பரில் தன் பழைய இதழ்களை ஆராய்ந்து, கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் குற்றவாளிகளாகவே காட்டி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டது. பாஸ்டன் குளோப் 2021-இல், தங்களைப் பற்றிய பழைய செய்திகளை மறுபரிசீலனை செய்யும்படி மக்கள் விண்ணப்பிக்க வழி செய்தது. இந்த ஆய்வை வெளியீட்டுக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. நீங்கள் செய்யாவிட்டால், உங்கள் செய்தியில் அடிபட்ட நிறுவனம் செய்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை. முதலில் போட்ட அதே தகவல் மனுவை, அதே கட்டங்களோடு, அடுத்த ஆண்டு அதே தேதியில் போடுவதற்கு இன்றே நாட்காட்டியில் எழுதி வையுங்கள். "விதியை மாற்றிவிட்டோம்" என்று அறிவித்தவர்கள் எண்ணையும் மாற்றினார்களா என்று அந்தக் கோப்பு வந்தால்தான் தெரியும். படிவத்தின் பெயர், கேட்ட கட்டங்கள், பதில் தந்த பிரிவு எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த மேசையில் நீங்கள் இல்லாமலும் போகலாம்.